கப்பல் கிளம்பும்வரை கத்தக்கூடாது

இரண்டாவது முறை வீட்டைவிட்டு ஓடிப்போன தன் மனைவி மிஸ்டியை என் தம்பி கர்ட்டிஸ் தன் இழுவை லாரியின் முன் சீட்டில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். அவளாக இறங்க விடவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் சரளைக்கல்லில் முட்டி தேய விழுந்தாள். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு நான் அந்த வேலியைத் தாண்டுவதற்குள் அவள் தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அவன் தோளில் ஒன்று போட்டேன். அவன் திரும்பி என் வயிற்றில் ஒன்று விட்டான். எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை எப்போதும் இப்படித்தான் நடக்கும்.

போலீஸ் வந்தது. வந்தவன் கர்ட்டிஸோடு சனிக்கிழமை தோறும் மீன் பிடிக்கப் போகிறவன். ஐஸ் பையைத் தாடையில் அழுத்திக்கொண்டு மிஸ்டி சொன்னாள், "படியில வழுக்கிட்டேன்." அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. போலீஸ்காரன் தலையை ஆட்டிவிட்டு, ஏரியில் இப்போது என்ன மீன் சிக்குகிறது என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் மூஞ்சியிலும் ஒன்று போட்டிருக்க வேண்டும். இன்னும் மனசு ஆறவில்லை.

கர்ட்டிஸுக்குத் தொழிலே தேடிப் பிடிப்பதுதான். தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கி வருகிற வேலை. எந்த நம்பர் வண்டி எந்த ரோட்டில் போனது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவான். ஆனால் மிஸ்டியைப் பிடிக்க அந்த வித்தை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு முறையும் ஓடிய மறுநாளே அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணி, அவர் சாப்பிட்டாரா? கோபமா இருக்காரா?" என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவன் நம்பரைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அது எந்த ஊர் விடுதி என்று கண்டுபிடிப்பது அவனுக்குப் பல் தேய்க்கிற வேலை.

அவளுக்கு ஒரு வாரம் வேண்டும். அவன் ரோட்டில் இல்லாத, கையில் போன் இல்லாத ஒரு வாரம் கிடைத்தால் நாட்டின் மறுகோடிக்கே போய், வேறு பெயரில் வேலைக்கும் சேர்ந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் அடுத்த முறை தாடையோடு நிற்காது, சவப்பெட்டிதான். எங்கள் ஊரில் கர்ட்டிஸை ஒரு வாரம் கட்டிப்போட ஒருவருக்கும் துப்பில்லை. அப்போதுதான் எனக்கு அம்மாவின் பாயிண்டுகள் ஞாபகம் வந்தன.

அம்மா ஒருநாள் ஆர்லாண்டோவில் விடுமுறை கிளப் ஒன்றின் கூட்டத்துக்குப் போனாள். காலைச் சாப்பாடு இலவசம் என்று கூப்பிட்டிருந்தார்கள். முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டுவிட்டு, கையெழுத்துப் போடும்வரை வெளியே விடவில்லை. அன்றிலிருந்து வருடாவருடம் அவள் கணக்கில் பாயிண்டுகள் விழுந்தன. அதைக் கொடுத்து கிளப்பின் வீடுகளில் தங்கலாம். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் எல்லாம் காற்றில் போய்விடும். அம்மா செத்தபோது எங்கள் இருவருக்கும் விட்டுப்போன சொத்து அதுதான். யார் பெயரை முதலில் போடுவது என்று கிளப் அலுவலகத்தில் கேட்டார்கள். கர்ட்டிஸ் மேஜையில் குத்தினான். அவன் பெயர் முதலில் ஏறியது, என் பெயர் இரண்டாவதாக.

பாயிண்டைக் கொடுத்து சொகுசுக் கப்பலிலும் போகலாம். ஆனால் அது ஏமாளிகள் செய்கிற வேலை என்று கிளப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கடற்கரை வீட்டில் சலிக்கச் சலிக்கப் படுத்துக்கிடக்கக்கூடிய பாயிண்டை ஒரே ஒரு வாரக் கப்பல் விழுங்கிவிடும். நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் புரட்டிவிட்டுப் போகிறவள்தான். அந்த நவம்பரில் புரட்டவில்லை. கிளப்புக்குப் போன் போட்டேன்.

"கப்பலுக்குன்னா ஒரு கண்டிஷன் இருக்கு மேடம்," என்றாள் அங்கிருந்த பெண். "முதல் பேர்ல இருக்கிறவர் கண்டிப்பா ஏறணும். அவர் வரலைன்னா புக்கிங்கே கேன்சல்."

"அவர் ஏறிட்டாரு. கூட வந்தவங்க கடைசி நிமிஷத்துல இறங்கிட்டாங்கன்னா?"

"அது அவங்க இஷ்டம் மேடம். அவரோட ரூம் அப்படியே இருக்கும். இன்னும் கொஞ்சம் பாயிண்ட் வாங்கினீங்கன்னா பால்கனி ரூமே—"

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

கர்ட்டிஸிடம் ஒன்றை நீட்டினால் வேண்டாம் என்பான். அடுத்தவன் தட்டில் இருந்தால் பிடுங்குவான். பால்குடி மறந்த நாளிலிருந்து அப்படி. ஞாயிற்றுக்கிழமை அவன் கொல்லையில் விலாக் கறி சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"நம்ம பாயிண்ட்ல நானும் வெண்டலும் கப்பல்ல போறோம்டா. டாம்பாவுல ஏறி, மெக்சிகோ போயிட்டு வர்றது."

வெண்டல் என்னோடு பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு கப்பல் மாற்றிக் கப்பல் ஏறிச் சுற்றுகிறவர். கர்ட்டிஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"யாரோட பாயிண்ட்ல?"

"அம்மாவோடதுலதான். உனக்குத்தான் படகுல ஏறினாலே குமட்டுமே."

இடுக்கியைக் கீழே போட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்புக் கம்பிக்கு மேலே கொண்டுபோனான். கொழுப்பு சொட்டித் தீ எகிறியது. என் கை மயிர் கருகுகிற நாற்றம் எனக்கே வந்தது.

"முதல் பேரு யாரு பேரு? சொல்லு."

"உன்னோடது. விடுடா, வேகுது!"

"அப்ப யாரு போறது?"

"நீ! நீதான் போற! விட்டுத் தொலை!"

விட்டான். உதறிவிட்ட கையை நான் ஐஸ் பெட்டிக்குள் சொருகினேன். "என் பாயிண்ட்ல கிழவனைக் கூட்டிட்டுப் போய்க் கூத்தடிக்கப் பாக்கறியா?" என்றான். "நானும் மிஸ்டியும் போறோம். நீயும் வேணா வா, சோஃபால படுத்துக்க. பெட்டி தூக்க ஆள் வேணும்ல." உள்ளங்கைக் கொப்புளம் அடங்க நாளானது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றும் கேட்டு வைத்தேன். "மெக்சிகோ போறோமே, பாஸ்போர்ட் எடுக்க வேணாமா?"

"எதுக்குத் தண்டச் செலவு? ஏறின துறைமுகத்துலயே இறங்கினா பிறந்த சர்டிபிகேட்டும் லைசென்சும் போதும். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

தெரியும். போன நாட்டில் இறங்கி விமானம் பிடித்துத் திரும்பி வர நினைத்தால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது என்பதும் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

மிஸ்டியோடு பேச வீட்டில் இடமில்லை. குப்பை கொட்டப் போகிற சாக்கில் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவள் போனை வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். அதன் வழியாக அவள் எங்கே நிற்கிறாள் என்று அவன் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பான். குப்பைக் கிடங்கில் நாற்றத்துக்கு நடுவே திட்டத்தைச் சொன்னேன். கப்பலில் எல்லோரும் ஏற வேண்டும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் மட்டும் இறங்கிவிட வேண்டும். வெண்டல் வெளியே காரோடு நிற்பார். எங்கே கொண்டுபோய் விட்டார் என்று என்னிடம்கூடச் சொல்லமாட்டார்.

"கப்பல்ல இருந்தே ஆள் விட்டுத் தேடுவாரே அண்ணி. அவரோட ஆளுங்க அத்தனை பேரும் இதே வேலைதான."

"பூட்டி வச்சிருந்தா எப்படிப் போன் பண்ணுவான்? வெண்டல் விவரமாச் சொன்னாரு. கப்பல் கரையில நிக்கும்போது ஒருத்தன் கை நீட்டினா, கழுத்தைப் பிடிச்சு இறக்கி விட்ருவாங்க. கடலுக்குள்ள போனப்புறம் கை நீட்டினா, ரூம்ல போட்டுப் பூட்டி, திரும்பி வந்ததும் சர்க்கார்கிட்ட ஒப்படைப்பாங்க. அங்க நம்ம மீன்காரப் போலீஸ் கிடையாது."

"யாரை அடிப்பார்?" கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தாடையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வேணாம் அண்ணி. உங்களைக் கொன்னுருவாரு."

"எங்கப்பன்கிட்ட வாங்காததையா இவன்கிட்ட வாங்கிடப் போறேன்? மூக்கைச் சிந்து. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. என்னைக் கூப்பிடாத. அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, அழுதானா, ஒண்ணும் நீ கேக்கக்கூடாது. நீ ஒரு தடவை கூப்பிட்டா நான் வாங்கின அத்தனை அடியும் வீண். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினாள். நான் நம்பவில்லை. இரண்டு முறையும் இதே மாதிரிதான் தலையாட்டினாள்.

டாம்பாவில் கப்பல் ஏறிய அன்று கர்ட்டிஸ் குஷியாக இருந்தான். குடிக்கக் குடிக்க ஊற்றித் தரும் சலுகையை வாங்கியிருந்தான். கரையை விடுவதற்குள்ளேயே அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டுமென்று பார்த்தான். ஒரு கையில் பியர், மறு கையில் மிஸ்டியின் கழுத்துப் பின்புறம். பார்க்கிறவர்களுக்கு அன்பாகத் தெரியும். அவன் கட்டை விரல் அவள் நரம்பில் அழுத்தியிருந்தது எனக்குத்தான் தெரிந்தது.

ஒரு சிக்கல் வந்தது. கப்பலில் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். கதவு திறக்க, குடிக்க, கப்பலைவிட்டு இறங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மிஸ்டியின் அட்டையை வாங்கித் தன் அட்டையோடு சேர்த்துக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டுவிட்டான். "தொலைச்சிருவா," என்றான் என்னிடம், கண்ணடித்து.

மதியத்துக்கு மேல் பாதுகாப்பு ஒத்திகைக்கு அழைத்தார்கள். அங்கே அவரவர் அட்டையை அவரவர்தான் நீட்ட வேண்டும். மிஸ்டியின் அட்டையை வேண்டா வெறுப்பாகக் கழற்றிக் கொடுத்தான். வரிசை முடிந்ததும் கையை நீட்டினான். அதற்குள் நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லா அட்டையும் ஒரே நீலம், ஒரே அளவு. என் அட்டையை அவள் கையில் திணித்தேன். அவள் தன்னுடையதை மறைத்துக்கொண்டு அதை அவனிடம் கொடுத்தாள். அவன் பார்க்காமல் கயிற்றில் மாட்டினான். பியர் நல்லது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

"எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்," என்றாள் மிஸ்டி.

"ரூம்ல போ."

"ரூம் எட்டு மாடி ஏறணும். அதுக்குள்ள தரையிலயே போயிடும், பரவால்லையா?" என்றேன் நான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கர்ட்டிஸுக்குப் பொது இடத்தில் சிரிப்பு ஆகாது. "சீக்கிரம் வந்து சேரு," என்று அவளைத் தள்ளினான். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பாள். தன் போனை அதற்கு முன்பே என் பைக்குள் போட்டிருந்தாள்.

நானும் அவனும் அறைக்கு வந்தோம். சன்னல் இல்லாத உள் அறை. அம்மாவின் பாயிண்டுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வாசலில் ஒரு பக்கம் குளியலறை, மறு பக்கம் அலமாரி, நடுவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம். டிவியில் ஒரு சேனல் முழுக்கக் கப்பலின் முன்பக்கம் தெரிவதையே காட்டிக்கொண்டிருக்கும். அதைப் போட்டு வைத்தேன். துறைமுகக் கிடங்கின் தகரக் கூரை அசையாமல் தெரிந்தது.

"எங்க அவ?"

"தலைமுடி அலங்காரம் பண்ற இடத்துல விலை கேட்டுட்டு வர்றேன்னா."

அவன் போனை எடுத்து அழுத்தினான். என் கைப்பைக்குள் மிஸ்டியின் போன் மணியடித்தது.

நான்கைந்து முறை அடிக்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவன் கழுத்துக் கயிற்றைத் தூக்கி அட்டையைப் பார்த்தான். ரோண்டா என்று என் பெயர் இருந்தது. அவன் முகத்தில் இருந்த பியர் போதை முழுவதும் இறங்கிப்போனதைப் பார்த்தேன். நான் வாசல் சந்துக்குள் பின்னோக்கிப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. என்னைத் தள்ளாமல் திறக்க முடியாது. என் உடம்பை வைத்து ஊரே கேலி செய்யும். அந்த உடம்பு எனக்கு உதவியது அன்றைக்குத்தான்.

"நகரு."

"மாட்டேன்."

முதல் அடி காதில் விழுந்தது. தலைக்குள் விசில் ஊதியது. கத்தக்கூடாது. கத்தினால் ஆள் வரும், அவனைக் கரையில் இறக்கி விடுவார்கள், துறைமுகத்து வாசலிலேயே மிஸ்டியைப் பிடித்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தோளுக்கு மேலாக டிவியைப் பார்த்தேன். தகரக் கூரை அசையவில்லை.

"எங்கேன்னு கேட்டேன்."

"தெரியாது."

வயிற்றில் முட்டியால் இடித்தான். குனிந்தவளின் முடியைப் பிடித்து அலமாரி விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. என் சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். சத்தம் போடாமல் அடி வாங்குவது எங்கள் வீட்டுப் பாடம். அப்பாவின் பெல்ட்டுக்கு அழுகிற குரல் கேட்டால் இன்னும் வெறி ஏறும். கர்ட்டிஸைக் கீழே போட்டு அவன்மேல் நான் படுத்துக்கொள்வேன். அவன் என் தோளைக் கடித்துக்கொண்டு சத்தம் அடக்குவான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பையன்தான் இப்போது என் இடது கையை விரித்துப் பிடித்தான்.

"விரல் ஒவ்வொண்ணாப் போகும் அக்கா. சொல்லிடு."

சுண்டுவிரல் பின்னால் வளைந்து, மொச்சைக்காய் உடைகிற சத்தத்தோடு முறிந்தது. காலர் துணி வாயில் கிழிந்தது. கண் இருட்டியது. கால் மடங்கியது. ஆனாலும் கதவோடு சரிந்து கதவடியிலேயே உட்கார்ந்தேன். என்னைப் புரட்டி இழுக்கப் பார்த்தான். அலமாரிக் காலைக் கட்டிக்கொண்டேன். விலாவில் உதைத்தான். அடுத்த விரலைப் பிடித்தான். அதுவும் போனது. எனக்கு வலியைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு கை நன்றாகத்தான் இருந்தது. அவன் கணுக்காலைப் பிடித்து வாரி விட்டால் மேஜை முனையில் மண்டை உடைந்து விழுவான். ஆனால் கப்பலில் அடித்துக்கொண்ட இருவரையும் சேர்த்துத்தான் இறக்குவார்கள். நல்ல கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அதன்மேலேயே சாய்ந்துகொண்டேன். பிறந்ததிலிருந்து அவனிடம் நான் திருப்பி அடிக்காத ஒரே சண்டை அது. அவன் அடித்ததைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அலமாரிக்குள் வெறும் சட்டை மாட்டிகள் ஒன்றோடொன்று இடிபட்டுக் கிணுகிணுத்தன. தரை அதிர்ந்தது. ஒரு கண்ணால் டிவியைப் பார்த்தேன். தகரக் கூரை மெல்ல இடது பக்கமாக நகர்ந்தது. பிறகு அடுத்த கிடங்கு. பிறகு தண்ணீர். அதற்குமேலும் பொறுத்தேன். துறைமுகம் முழுவதும் படத்தைவிட்டுப் போய், பழுப்புத் தண்ணீர் மட்டும் தெரிகிறவரை பொறுத்தேன்.

பிறகு நகர்ந்து கொடுத்தேன். அவன் கதவைப் பிடுங்கித் திறந்தான். அவனுக்கு முன்னால் நான் நடைவழிக்குத் தவழ்ந்து வந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்று, கத்தினேன்.

என் தொண்டையில் அத்தனை சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அப்பாவின் காலத்திலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. கதவுகள் திறந்தன. துண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த பணியாள் அப்படியே நின்றான். நீச்சல் உடையில் ஒரு குடும்பம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கூரையில் கேமரா இருந்தது. அதற்கு நேர் கீழே போய் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினேன்.

"டேய் கர்ட்டிஸ்! ஊரான் கார் எல்லாத்தையும் தேடிப் பிடிப்பியே, உன் பொண்டாட்டியைக் காணோம்டா! எங்க, பிடி பாப்போம்! கடல்ல குதிச்சுத் தேடு! பீப்பாய்க் குடிகாரா, அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு பாரு!"

அப்பன் பேரை எடுத்தால் அவனுக்குக் கண் தெரியாது. ஓடிவந்து வாயில் குத்தினான். முன்பல் இரண்டும் தொண்டைக்குள் போவதற்குள் துப்பினேன். கம்பளத்தில் விழுந்தேன். ஏறி உட்கார்ந்து இன்னும் குத்தினான். அந்தக் குடும்பத்துப் பெண் வீறிட்டாள். கப்பலின் நேபாளத்துக் காவலர்கள் வந்தார்கள். சின்ன உருவம்தான். ஆனால் அவனை ஒரே மடக்கில் குப்புறப் போட்டுக் கையைப் பின்னால் கட்டினார்கள்.

"எங்க வீட்டு விஷயம்யா இது! அவ என் அக்கா!" என்று கம்பளத்தில் மூக்கு நசுங்க அலறினான்.

"கப்பல்ல வீடு கிடையாது சார்," என்றார் அவர்களில் மூத்தவர்.

அவன் பையை, போனை, கழுத்துக் கயிற்றை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில், மருத்துவ அறைக்குப் பக்கத்தில் இருந்த அறையில் போட்டுப் பூட்டினார்கள். மெக்சிகோவில் இறக்கி விடு, விமானத்தில் போய்க்கொள்கிறேன் என்று கத்தினானாம். பாஸ்போர்ட் கேட்டார்களாம். அதோடு அந்தப் பேச்சு நின்றதாம்.

நான் கஞ்சி குடித்துக்கொண்டு மருத்துவ அறையில் கிடந்தேன். விரல்களுக்குக் கட்டு, தலையில் தையல், மூச்சு விட்டால் விலா குத்தியது. கடலையே பார்க்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நடக்க முடிந்தபோது, பூட்டிய கதவு வாசலில் நின்ற காவலரிடம் போனேன். அவனை வெட்டிப்போட வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையில் கை வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டார் மேடம். ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார்."

உள்ளே கட்டில் முனகியது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது.

"அக்கா?"

கட்டுப் போட்ட கையைக் கதவில் வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ரூமுக்குள்ள அவ்வளவு அடி அடிச்சேன். வாயே திறக்கல. வெளிய வந்ததும் கப்பலே அதிரக் கத்தின. உள்ள ஏன் கத்தல?"

"அப்ப கப்பல் கிளம்பலடா."

கதவில் உதை விழுந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல். இரும்புக் கதவு, அசையவில்லை. ஓய்ந்தபிறகு சிரித்தான். "அவ உனக்குப் போன் பண்ணுவா பாரு. தாங்கமாட்டா. இந்நேரம் பண்ணியிருப்பா. கரைக்குப் போய்ப் போனைத் திற. எல்லாம் அதுல இருக்கும். ஜாமீன்ல வந்த அன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துருவேன்."

அவன் சொன்னது எனக்கும் தெரியும். அத்தனை அடியையும் ஒரு போன் அழைப்பு தின்றுவிடும். மீதி நாளெல்லாம் அணைத்து வைத்த என் போனை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

டாம்பாவுக்குத் திரும்பினோம். எல்லோரும் இறங்கியபிறகு எங்களை இறக்கினார்கள். கீழே கோட் சூட் போட்ட சர்க்கார் ஆட்கள் இருவர் நின்றார்கள். மீன் பிடிக்கிற முகங்கள் இல்லை. கர்ட்டிஸைக் கை விலங்கோடு கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. நான் போனைத் திறந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றான்.

"வந்துச்சா? அக்கா, போன் வந்துச்சா?"

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மருந்துக் கடை. பஸ் டிப்போ. வெண்டல், ஏரியில் நீர் குறைந்துவிட்டது என்று. விடுமுறை கிளப், பயணம் இனிதாக அமைந்ததா, அடுத்த வருடத்துக்கு இன்னும் பாயிண்டுகள் வாங்கலாமே என்று. தெரியாத நம்பர் எதுவும் இல்லை. மேலே போய், கீழே வந்து, மறுபடி பார்த்தேன். மிஸ்டி கூப்பிடவே இல்லை.

போனைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். படித்தான். உதடு அசைய அசையப் படித்தான். கிளப்பின் செய்திவரை வந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவனைக் காரில் ஏற்றினார்கள். தலை இடிக்காமல் இருக்க ஒருவர் கை வைத்துக் குனிய வைத்தார்.

காலையில் அவனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. பல் போன வாயை மூடிக்கொண்டு வெண்டலின் காரைத் தேடி நடந்தேன்.